டிரக் கூரைல இருக்கற ஆன்டெனா திமில வீணாக்காதீங்க: 13 டாலர் அடாப்டர் ரிவ்யூ

டல்லாஸ் பக்கம் இருக்கேன், பழைய ஜிஎம் பிக்கப் ஓட்டறேன். போன மாசம் கம்பெனி ரேடியோவ கழட்டிட்டு பெரிய ஸ்க்ரீன் வச்ச ஹெட் யூனிட் போட்டேன், சேட்டிலைட் ரேடியோ விட மனசில்லாம எஸ்எக்ஸ்வி300 டியூனர் பாக்ஸும் சேத்து வாங்குனேன். அந்த கிட்லயே தீப்பெட்டி சைஸ்ல ஒரு காந்த ஆன்டெனா வருது. அத கூரைல ஒட்டி, வயர கதவு ரப்பர் வழியா உள்ள கொண்டு வரணும். அதான் எனக்குப் பிடிக்கல, ஏன்னா கூரைல ஏற்கனவே கம்பெனி வச்ச திமில் ஒண்ணு சும்மா இருக்கே, அதே எக்ஸ்எம், அதாவது சேட்டிலைட் ரேடியோ சிக்னல வாங்கறதுக்குனே வச்சது, அத விட்டுட்டு பக்கத்துலயே இன்னொண்ண ஒட்டணுமா?

அதனால வாங்குனது ஃபாக்ரா டு எஸ்எம்பி அடாப்டர் வயர், 13 டாலர். விவரம் தெரியாதவங்களுக்கு: கார் ஆன்டெனா வயர் நுனில பிளாஸ்டிக் கூடு போட்ட கனெக்டர் இருக்கும், அதுக்குப் பேரு ஃபாக்ரா, ஜெர்மன் ஸ்டாண்டர்டு. எஸ்எம்பினா டியூனர் பாக்ஸ்ல இருக்கற சின்ன உருண்டை கனெக்டர். ஜிபிஎஸ்க்கு நீலம், ஃபோனுக்கு போர்டோ சிவப்பு, இப்படி கலர் பிரிச்சு வச்சிருக்காங்க. சேட்டிலைட் ரேடியோவுக்கு என்ன கலர் தெரியுமா, கறி! நெஜமாவே ஸ்டாண்டர்டுல அந்தப் பேருதான். நமக்கு கறின்னா ஞாயித்துக்கிழமை மட்டன், அந்த ஜெர்மன்காரனுக்கு கடுகும் மஞ்சத்தூளும் கலந்த மாதிரி ஒரு மஞ்சள். டேஷ கழட்டுனதும் அந்த கலரதான் தேடணும், ஆனா எல்லா வண்டிலயும் அதையே எதிர்பாக்காதீங்க, கலர் மாத்திப் போட்டிருப்பாங்க, சர்வீஸ் மேனுவல் பாத்துட்டு கைய வைங்க.

முதல்ல வந்த அடாப்டர் வேஸ்ட். லிஸ்டிங்ல மேல், ஃபீமேல்னு போட்டிருந்தத நம்பி ஆர்டர் பண்ணேன், எஸ்எம்பி விஷயத்துல இந்த மேல் ஃபீமேல் பெரிய தலைவலி, ஒருத்தர் வெளிக்கூட்ட வச்சு சொல்வாரு, இன்னொருத்தர் நடு ஊசிய வச்சு சொல்வாரு. வந்தத பாத்தா நடுவுல ஊசி, டியூனர் பாக்ஸ்லயும் ஊசி, ரெண்டு ஊசி எப்படி சேரும். திருப்பி அனுப்பிட்டு அடுத்தத வாங்கறப்ப எழுத்த படிக்கவே இல்ல, ஃபோட்டோவ பெருசாக்கி நடுவுல ஓட்டை இருக்கானு மட்டும் பாத்தேன். அது கரெக்டா உக்காந்துச்சு, டக்குனு ஒரு சின்ன சத்தம், அவ்ளோதான். ஃபாக்ராவோட உள்ள இருக்கறதே எஸ்எம்பிதான், அதனால சிலர் அடாப்டரே வாங்காம பிளாஸ்டிக் கூட்ட பிளேடால செதுக்கிட்டு நேரா சொருகிடறாங்க. வேலை செய்யும்தான், ஆனா நாளைக்கு பழைய ரேடியோவ திரும்ப மாட்டி வண்டிய விக்கணும்னா முழிக்கணும். 13 டாலருக்கு அந்த பாவம் வேணாம்.

இன்னொரு முக்கியமான மேட்டர். இந்த ஆன்டெனா சும்மா கம்பி இல்ல, உள்ள ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கு, அதுக்கு 5 வோல்ட் சிக்னல் வர்ற அதே கோஆக்ஸ் (ஆன்டெனா) வயர் வழியாதான் டியூனர்லேர்ந்து போகுது. மாட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு டியூனரோட ஊசிக்கும் கூட்டுக்கும் நடுவுல அளந்தேன், 5க்கு கிட்ட காட்டுச்சு. சிக்னல் 2320லேர்ந்து 2345 மெகாஹெர்ட்ஸ்ல வருது, அதனால வீட்ல கெடக்கற சாதா கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர நடுவுல சொருகற ஐடியா இருந்தா விட்ருங்க, அதுல நெறைய 1000 மெகாஹெர்ட்ஸோட நின்னுடும். வயர வெட்டி முறுக்கி டேப் சுத்தறதும் வேணாம், இந்த ஃப்ரீக்வென்சில அது சிக்னல முழுங்கிடும்.

ரிசல்ட் சொல்லவா? மேற்கு டெக்சாஸ்ல ஆல்பைன்லேர்ந்து 118ம் நம்பர் ரோட்ல பிக் பெண்ட் நேஷனல் பார்க் பக்கம் போனோம், ஃபோன்ல ஒரு கட்டை கூட இல்லாத எடத்துல பாட்டு ஒரு தடவ கூட நிக்கல, வீட்டம்மா கூட ஆச்சரியப்பட்டா. வீட்டு வாசல்ல நிறுத்துனா மட்டும் அப்பப்ப கட் ஆகும், ஏன்னா தெக்குப் பக்கம் ஒரு பெரிய ஓக் மரம், சேட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல நிக்குது, நமக்கு தெக்கு வானம்தான் தொறந்திருக்கணும். அது ஆன்டெனா குத்தம் இல்ல, மரத்தோட குத்தமும் இல்ல.

இத பண்றப்ப எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. சென்னைல வேர்ல்டுஸ்பேஸ்னு அந்தக் கால சேட்டிலைட் ரேடியோ வாங்கி, அந்த தட்டையான ஆன்டெனாவ பால்கனி கம்பில சாச்சு, அதுல வர்ற தமிழ் சேனல் கே.எல். ரேடியோ கேக்கறதுக்காக அத கொஞ்சம் கொஞ்சமா திருப்பிட்டே நிப்பாரு, அம்மா துணி காயப்போட்டா சிக்னல் போச்சுனு சண்ட. 2009 டிசம்பரோட அத இந்தியால மூடுனப்புறம் அந்த பெட்டி பரண்ல ஏறிடுச்சு.

சரி, குறை. அடாப்டர் வயர் அரை அடிதான், அதனால டியூனர் பாக்ஸ நெனச்ச எடத்துல வைக்க முடியல, கிளவ் பாக்ஸ் பின்னாடி கைய விட்டு முழங்கைல சிராய்ப்பு. ஃபாக்ரா கிளிப்பும் லூசு, நான் ஒரு ஜிப் டை போட்டு இறுக்கிட்டேன். 5க்கு 4 குடுக்கறேன். வாங்கறவங்க வண்டில சேட்டிலைட் ரேடியோ கம்பெனிலயே வந்துச்சானு முதல்ல பாருங்க, திமில் மட்டும் இருந்து உள்ள அந்த ஆன்டெனா இல்லாத வண்டியும் உண்டு. ரொம்ப பழைய எக்ஸ்எம் வண்டினா ரெண்டு வயர் வரும், அதுக்கு இந்த அடாப்டர் ஆகாது. அப்புறம் புது டியூனருக்கு புது ரேடியோ ஐடி, பழைய சந்தா தானா மாறாது, சேனல் 0 வச்சா ஐடி தெரியும், அத குடுத்து மாத்திக்கோங்க.