எக்ஸ்டெர்னல் டிவிடி டிரைவ்: எல்லாம் சரி, அந்த ரீஜியன் பூட்டைத் தவிர

புது லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லை, யுஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சில வருடங்களாக அப்படி ஒன்றில்தான் படம் பார்க்கிறேன்.

டிரைவை நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். தனி மின் இணைப்பு இல்லாத யுஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) போட்டால் டிஸ்க் சுழலத் தொடங்கி நின்றுவிடக்கூடும். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து மீடியா பிளேயர் டிவிடி படங்களை ஓட்டுவதில்லை. விஎல்சி என்ற இலவச பிளேயர் போதும். டிவிடியின் 720×576 பிக்சல் படம் பெரிய திரையில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் இயக்குநரே படம் முழுக்கப் பேசிக்கொண்டு வரும் அந்தத் தனி ஒலித்தடம் இருக்கிறதே, அதற்காகவே பழைய டிஸ்குகளைத் தேடி எடுக்கிறேன். ஸ்ட்ரீமிங்கில் அது அபூர்வம்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். டிவிடிக்காக உலகத்தையே ரீஜியன்களாக, அதாவது எண் போட்ட வட்டாரங்களாக, பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ரீஜியனுக்கான டிஸ்க் அந்த எண்ணில் வைத்த டிரைவில்தான் ஓடும். டிரைவின் ரீஜியனை 5 முறைதான் மாற்றலாம். அப்புறம் கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். இந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸை அழித்துப் போட்டாலும், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அது மாறாது. என்னிடம் இரண்டு ரீஜியன் டிஸ்குகள் இருக்கின்றன, இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. என் டிரைவில் இன்னும் ஒரே ஒரு மாற்றம்தான் பாக்கி.

விஎல்சி இதைத் தாண்டிவிடும் என்பார்கள். பாதி உண்மை. ரீஜியன் பொருந்தாவிட்டால், டிஸ்கில் பூட்டி வைத்த படத்தைத் திறக்கும் ரகசியச் சாவியை டிரைவ் தராது; விஎல்சி தானே அதை உடைத்துக் கண்டுபிடிக்க முயலும். சில டிரைவ்களில் சற்று நேரம் காத்திருந்தால் படம் ஓடும். என்னுடையது பூட்டிய பகுதிகளைப் படிக்கவே விடாத ரகம், அதனால் கறுப்புத் திரைதான். வாங்கும் முன் எது எந்த ரகம் என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

டிரைவைக் குறை சொல்ல முடியாது. சத்தம் குறைவு, கீறல் விழுந்த டிஸ்கையும் பெரும்பாலும் படித்துவிடுகிறது. இருந்தாலும் 5க்கு 2தான் கொடுப்பேன். நண்பருக்குச் சொன்னது இதுதான்: டிஸ்க் உறையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் என்றால் இன்றைக்கே வாங்குங்கள். எண்கள் கலந்திருந்தால் ஒரு ரீஜியனுக்கு ஒரு டிரைவ் என்று வாங்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாரா என்று யோசியுங்கள்.