சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் ஒரே எண் போதுமா?

ஜப்பானிய-சீனக் கலைச்சொல் தரவுத்தளம் ஒன்றை அமைக்கும் வேலை என்னிடம் வந்தபோது முதல் கேள்வியே இதுதான். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் சேமிக்கிறது. இரண்டு மொழிகளையும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒரே பட்டியலில் எண் தரும் யூனிகோடுக்கு மாற்றுவதா? பழைய கோப்புகள் இருந்தபடியே ஜப்பானியத்தை ஷிஃப்ட்-ஜிஸ், சீனத்தை ஜிபி2312 என்று அந்தந்த நாட்டு எண்முறையிலேயே தனித்தனியாக விடுவதா? யூனிகோடைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பின்னணி ஓரளவு தெரிந்ததுதான். 1991-92இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பு, சீன, ஜப்பானிய, கொரிய எண்முறை நியமங்களில் இருந்த ஹான் எழுத்துகளை, அதாவது மூன்று மொழிகளும் பகிரும் சீன வழி எழுத்துகளை, ஒரே எழுத்துக்கு ஒரே எண் என்று ஒன்றுசேர்த்து 20,902 ஆக்கியது. அப்போது எல்லா மொழிகளுக்கும் சேர்த்து எண்களுக்கான மொத்த இடமே 65,536தான். 1996இல் பதிப்பு 2.0 வந்ததும் இடம் விரிந்து நெருக்கடி தீர்ந்தது, இப்படி ஒன்றுசேர்த்தது சரியா என்ற சர்ச்சை தீரவில்லை. இதை அமெரிக்க நிறுவனங்கள் திணித்தன என்ற புகாரை நான் ஏற்பதில்லை. எதை எதோடு சேர்ப்பது என்று பார்த்த கூட்டுக்குழுவில் மூன்று நாட்டு நிபுணர்களும் இருந்தார்கள்.

எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் வேறு. லத்தீன், கிரேக்கம், சிரிலிக் மூன்றிலும் முதல் எழுத்தின் பெரிய வடிவம் ஒரே மாதிரி இருந்தும் அதற்கு மூன்று எண்கள். ஹான் எழுத்திலோ கண்ணுக்கே வேறாகத் தெரிவதற்கும் ஒரே எண். 'எலும்பு' என்ற எழுத்தின் மேல்பகுதிக்குள் இருக்கும் சின்ன மூலை சீனாவில் இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். 'நேர்' என்ற எழுத்து இன்னும் மோசம்: ஜப்பானில் இடப்புறம் ஒரு கோடு இறங்கி அடியில் மடங்கும், சீனாவில் நடுப்பெட்டி நேராக அடிக்கோட்டின் மேலேயே உட்காரும். ஜப்பானியக் கணினி அறிஞர் சகாமுரா கென்னின் டிரான் என்ற இயங்குதளத் திட்டம் இதனால்தான் ஒவ்வொரு நாட்டு எழுத்துத் தொகுப்பையும் தனியாகவே வைத்தது. டிரானில் நான் வேலை செய்ததில்லை, ஆனால் அந்தக் கவலை நியாயமானது.

சரி, அப்படியிருந்தும் ஏன் யூனிகோட்? தேடல். 'யமதா' என்ற ஜப்பானியக் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மலை, வயல் என்று இரண்டே எழுத்து. இரண்டு மொழியிலும் அச்சு அசலாக ஒன்றுதான். தனித்தனி எண் இருந்தால், சீன விசைப்பலகையில் ஒருவர் தட்டும் 'யமதா' ஜப்பானிய ஆவணத்தில் இருக்கும் 'யமதா'வைக் கண்டுபிடிக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று திரையைப் பார்த்தும் புரியாது. இதைச் சரிக்கட்ட ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு இணைப்பட்டியல் போட்டு, தரவைத் தொடும் ஒவ்வொரு நிரலிலும் சேர்த்து, அதைக் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும். யூனிகோடிலும் பட்டியல் வேண்டியதுதான்: 'டோக்கியோ'வில் வரும் 'கிழக்கு' எழுத்துக்குச் சீனாவின் எளிய வடிவம் வேறு, இரண்டையும் யூனிகோட் ஒரே எண்ணாக்கவில்லை. ஆனால் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துகளில் எழுதப்படும் 'கியோட்டோ'வுக்கு எதுவும் வேண்டாம். பட்டியல் உண்மையிலேயே வேறுபடும் எழுத்துகளோடு நின்றுவிடுகிறது. பராமரிக்கப்போகிறவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

பழைய கோப்புகளும் சேதமில்லாமல் மாறின. ஒரு நாட்டின் நியமத்திலேயே தனித்தனியாக இருந்த வடிவங்களை யூனிகோட் பிரித்தே வைத்தது; ஜப்பானிய நியமத்தில் இருந்த 'வாள்' எழுத்தின் பல வடிவங்களும் அப்படித் தப்பியவைதான்.

இதற்குக் கொடுக்கும் விலை, மொழிக்குறிப்பு. எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் அது எந்த மொழி என்று சொல்லும் நெடுவரிசை உண்டு. அதைப் பார்த்து இணையப் பக்கம் மொழியைச் சொல்லிவிட்டால், 2014இல் அடோபியும் கூகுளும் வெளியிட்ட எழுத்துரு சரியான வடிவத்தைக் காட்டும். வெறும் உரையாக ஏற்றுமதி செய்தால் அந்தக் குறிப்பு போய்விடும்; சீன அமைப்பு உள்ள கைபேசியில் ஜப்பானிய வாக்கியம் சீன வடிவில்தான் வரும். இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை.

அப்புறம் ஆட்பெயர்கள். 'வதனாபே'யில் வரும் 'பே'வுக்குப் பற்பல வடிவங்கள், தங்கள் வடிவத்தை விட்டுக்கொடுக்காத குடும்பங்கள் உண்டு. எழுத்துக்குப் பின்னால் சேர்த்து, அதன் எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லும் வடிவத் தேர்வுக் குறிகள் 2007 முதல் பதிவாகிவருகின்றன; அவை இதற்கு உதவுகின்றன, எழுத்துருவும் மென்பொருளும் ஒத்துழைத்தால். என் வேலை கலைச்சொற்களோடு முடிந்துவிட்டது. கொரியத்தில் வழங்கும் ஹான் எழுத்துகளான ஹாஞ்சாவையும் நான் தொட்டதில்லை. ஜப்பானிய நகராட்சிக் குடும்பப் பதிவேடு போன்ற ஒன்றைக் கட்டுகிறவர், யூனிகோடை எடுத்தாலும், இந்தக் குறிகள் அச்சுப்பொறி வரை போய்ச் சேருகின்றனவா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.