ஓசூர் பஸ்ஸா, ஊர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலையா?

கிருஷ்ணகிரிப் பக்கம் படிப்பை முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் எந்த வேலைக்குப் போவது என்ற இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி என்றால் சீருடை, கேன்டீன், வாசலுக்கே வரும் கம்பெனி பஸ். சம்பளம் தேதி தவறாது. ஆனால் ஐடிஐயோ டிப்ளமோவோ வேண்டும், வயதும் பார்ப்பார்கள். அப்படியும் பலருக்குக் கிடைப்பது ஒப்பந்த வேலைதான்.

மாங்கூழ் ஆலையில் சான்றிதழ் கேட்பதில்லை. சீசன் தொடங்கி பெங்களூரா ரக மாங்காய் லாரியில் வந்து இறங்கினால், நாற்பது தாண்டிய அக்காமார்களும் வேலைக்குப் போகிறார்கள். காம்பு கிள்ளி, அழுகல் ஒதுக்கி, மாம்பால் பட்டு விரல் கறுத்துப்போய் வீடு திரும்புவார்கள். அந்த ஒரு ஆலையை நம்பி லாரிக்காரர், கூடை பின்னுபவர், எடை போடுபவர், டீக்கடைக்காரர் என்று எத்தனை அடுப்பு எரிகிறது! முதலீட்டுக் கணக்கில் சிறியதுதான், ஆனால் ஊருக்குள் பணம் சுற்றுவது இதனால்தான்.

குறையும் உண்டு. சில மாத சீசன் முடிந்தால் வேலை இல்லை. பொதுவாக 10 பேராவது வேலை செய்தால் ஈஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடு, 20 பேராவது இருந்தால் பிஎஃப் என்ற சேமநிதி என்பது சட்டம். எண்ணிக்கை அதற்குக் கீழே இருந்தால் அந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

இருபது வயதுப் பையன் என்றால் ஓசூருக்கே போகட்டும் என்பேன். அவன் அம்மாவுக்கு? நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஆலைதான் சரி. அது வருஷம் முழுக்க ஓட, தக்காளிக் கூழும் அங்கே போட வேண்டும்.