கனகதாராவா, 'வாசி தீரவே'யா? பணத்துக்கும் காப்புக்கும் எதைச் சொல்வது

பணக் கஷ்டம் என்று யாரிடமாவது வாய் திறந்தால் கனகதாரா ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வார்கள். பயம், நோய், கெட்ட நேரம் என்றால் கந்த சஷ்டி கவசம். இரண்டையும் நான் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது நான் பிடித்துக்கொண்டிருப்பது வேறு ஜோடி. பணத்துக்குச் சம்பந்தரின் 'வாசி தீரவே', காப்புக்கு அவருடைய கோளறு பதிகம். இரண்டும் தேவாரம்.

எதற்குப் பலன் அதிகம் என்ற பேச்சுக்கே போக வேண்டாம். நான்கும் நல்லதுதான், நான்குக்கும் பலன் சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் ஏழைப் பெண் இட்ட நெல்லிக்கனிக்காகச் சங்கரர் பாட, பொன் நெல்லி மழையாகக் கொட்டியது என்பது கனகதாராவின் கதை. கவசத்தைப் பாடியவர் தேவராய சுவாமிகள்.

என் கணக்கில் முடிவு செய்வது ஒரே விஷயம்: புத்தகமோ போனோ இல்லாமல் அது வாயில் வருமா? பூஜை அறையில் விளக்கேற்றி உட்கார்ந்து சொல்ல வாய்க்கும் நாள் குறைவு. பஸ்ஸில், அடுப்படியில், ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இது தேவைப்படுகிறது. அங்கே மனப்பாடமானது மட்டும்தான் கூட வரும். அதுவும் நான்கு நாள் விட்டால் அடி மறக்கும், மறுபடி தேய்த்து ஏற்ற வேண்டும். எனவே ஏற்றுவதற்கு மட்டுமல்ல, தக்கவைக்கவும் சுலபமாக இருக்க வேண்டும்.

கனகதாரா இங்கேதான் இடிக்கிறது. வசந்ததிலகம் என்ற சந்தம், அடிக்குப் பதினான்கு எழுத்து, நீண்ட கூட்டுச் சொற்கள். தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தில் முதல் சுலோகத்தின் இரண்டாம் அடியே 'ப்⁴ருங்கா³ங்க³னேவ' என்று தலையில் எண்களோடு நிற்கும். எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்று பழக வேண்டும், அப்புறம் பதம் பிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பொருள். சம்ஸ்கிருதம் படித்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குக் கண்ணதாசன் 'பொன்மழை' என்று தமிழில் தந்திருக்கிறார்.

கவசத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. சூலமங்கலம் சகோதரிகள் பாடியதைக் கேட்டே பாதிப் பேருக்கு மனப்பாடம். ஆனால் இருநூறு அடிக்கு மேல், அந்த மெட்டில் போனால் இருபது நிமிடம். மூக்குக்கு 'நாசிகளிரண்டை நல்வேல் காக்க', வாய்க்கு 'பேசிய வாய்தனைப் பெருவேல் காக்க', பல்லுக்கு 'முப்பத்திருபல் முனைவேல் காக்க' என்று வரிசையாகப் போகும்போது நினைவு நழுவினால் மூக்கிலிருந்து முதுகுக்குத் தாவிவிடுவோம். ஒரு நாளைக்கு முப்பத்தாறு உரு, அதாவது முப்பத்தாறு முறை, என்று பாட்டிலேயே வருகிறது. குடும்பம் நடத்துகிறவர் யோசித்துப் பார்க்க வேண்டிய எண்.

இனி 'வாசி தீரவே'. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்குச் சோறிட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவன் தினம் ஒரு பொற்காசு வைத்தார் என்பது பெரியபுராணம். அப்பரின் காசு கடையில் அப்படியே செல்லும். சம்பந்தரின் காசுக்கு மட்டும் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்கள், அதாவது மதிப்பில் கழித்தார்கள் (அந்தக் கழிவுதான் 'வாசி'), அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமானது. அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று காரணம் சொல்வார்கள். சம்பந்தர் நேராகவே கேட்டுவிட்டார்:

'வாசி தீரவே, காசு நல்குவீர்
மாசில் மிழலையீர், ஏசல் இல்லையே.'

ஒரு பாட்டே இவ்வளவுதான். இப்படிப் பதினொன்று. திருவிருக்குக்குறள் என்ற குறுகிய யாப்பு, எதுகை அடுத்த அடியைத் தானே இழுத்து வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பொன் மழையெல்லாம் கேட்கவில்லை, கையில் வருகிற காசு குறையில்லாமல் செல்ல வேண்டும் என்கிறார். மாசக் கடைசியில் என் வேண்டுதலும் அதேதான்.

கோளறு பதிகம் கொஞ்சம் நீளம், அதற்கும் பதினொரு பாட்டு. நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது திருமறைக்காட்டில் பாடியது. 'ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன்' என்று முதல் பாட்டிலேயே கிரகங்களை வரிசையாக எண்ணிவிடும். பிறகு யானை, கரடி, பாம்பு, காய்ச்சல், குளிர், வாதம், பித்தம். முதல் ஒன்பது பாட்டும் 'நல்ல நல்ல' என்று திரும்பி வருவதால் வழி தவறினாலும் அடுத்த பாட்டில் பிடித்துக்கொள்ளலாம். கவசத்தில் அந்தத் தங்குமிடம் கிடையாது.

பணம் வந்ததா என்று கேட்டால், பாட்டால் வந்தது இவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னிடம் கணக்கு இல்லை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வருகிற போனை எடுக்கும்போது முன்பிருந்த படபடப்பு இல்லை, அது மட்டும் உண்மை. லட்சுமியைப் பாடும் வேத சூக்தமான ஸ்ரீசூக்தத்தையும், ஓரெழுத்து ஒலிகளான பீஜ மந்திரங்களையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. ஸ்ரீசூக்தம் ஸ்வரத்தோடு குருவிடம் பாடம் கேட்க வேண்டியது, பீஜத்துக்கு உபதேசம் வேண்டும். இரண்டும் எனக்கு வாய்க்கவில்லை.

கவசம் சின்ன வயதிலிருந்தே வாயில் இருந்தால் அதை விட்டுவிட்டுக் கோளறுக்கு வர அவசியமில்லை, 'வாசி தீரவே'யை மட்டும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பதைவிட, ஓதுவார் பாடுவதைக் கேட்டுப் பழகுவது நல்லது. கோளறு பதிகத்தின் பண் பியந்தைக்காந்தாரம், இன்றைக்கு நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். காதில் ஏறிவிட்டால் ஆறேழு பாட்டு தானாகவே வரும், மீதியைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.