பழைய ஃபிலிம் கேமராவும் இரண்டு ஃபிளாஷும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

என் பென்டாக்ஸ் கே1000-லும் யாஷிகா மேட் 124ஜி-யிலும் அறைக்குள் எடுக்கும் ஆள் படங்கள் பெரும்பாலும் இரண்டு ஃபிளாஷில்தான். ஒன்று விவிடார் 283. மற்றது கைடு நம்பர் (ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்) 22 உள்ள சின்ன ஃபிளாஷ். பல வருடம் புழங்கிய பிறகு என் கட்சி இதுதான்: இரண்டையுமே மேனுவலில், அதாவது எப்போதும் ஒரே வலிமையில் வெடிக்கும்படி வையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க ஃபிளாஷை நகர்த்துங்கள்.

ஆட்டோவில், அதாவது ஃபிளாஷே வெளிச்சத்தை அளந்து தானாக அணையும் முறையில், ஒற்றை ஃபிளாஷ் அருமையாக வேலை செய்யும். இரண்டு சேர்ந்தால் கணக்கு குழம்பிவிடும். ஆள் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் ஃபிளாஷின் சென்சார் அளக்கிறது. அது எந்த ஃபிளாஷிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. பக்கத்து ஃபிளாஷின் வெளிச்சத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டு சீக்கிரமே அணைந்துவிடும். முகத்தின் ஒரு பக்கம் எவ்வளவு இருட்டாக வேண்டும் என்பது நம் கையில் இருக்காது.

மேனுவலில் கணக்கு எளிது. கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண்) கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100 வேக ஃபிலிமுக்கு 283-இன் கைடு நம்பர் மீட்டர் கணக்கில் சுமார் 36. அதை ஆளுக்குப் பக்கவாட்டில் 3.3 மீட்டரில் நிறுத்தினால் எஃப் 11. சின்ன ஃபிளாஷ் கேமரா மேலேயே, 2.75 மீட்டரில், அது எஃப் 8. ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்ச வித்தியாசம். கேமராப் பக்கத்து வெளிச்சம் முகம் முழுக்க விழுவதால் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் 3-க்கு 1 என்று அமையும். நெகட்டிவ் ஃபிலிமில் எனக்கு மிகவும் பிடித்த விகிதம் இது. கன்னத்தின் வளைவு தெரியும், கண்ணுக்குக் கீழே கருப்படிக்காது. ஸ்லைடு ஃபிலிம் என்றால் ஃபிளாஷ் மீட்டர் இல்லாமல் நான் இறங்குவதில்லை.

283-க்கு ஒயர் இழுப்பதில்லை. அடியில் ஒரு ஆப்டிகல் ஸ்லேவ், அதாவது இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டதும் இதைத் தூண்டிவிடும் சின்னக் கருவி. சின்னது வெடித்ததும் இதுவும் வெடிக்கும். ஸ்லேவின் கண் கேமராவைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அறைக்குள் தவறாது. நல்ல வெயிலில் இதை நம்ப முடியாது.

இரண்டு ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ரெடி விளக்கை. அது எரிந்துவிட்டதாலேயே கெப்பாசிட்டர் (ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) முழுக்க நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. பல ஃபிளாஷ்களில் கொஞ்சம் முன்கூட்டியே எரிந்துவிடும். ஒரே ஃபிளாஷ் என்றால் படம் சற்று மங்கும், பிரிண்டில் சரிக்கட்டலாம். இரண்டில் ஒன்று மட்டும் அரைகுறையாக வெடித்தால் விகிதமே மாறிவிடும், அதைப் பிரிண்டில் மீட்க முடியாது. மெதுவாகச் சார்ஜ் ஆகிற ஃபிளாஷின் விளக்கு எரிந்த பிறகும் சில நொடி பொறுத்துத்தான் அடுத்த ஃபிரேமுக்குப் போகிறேன்.

சிங்க், அதாவது ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிளாஷ் வெடிக்கும் விஷயத்தில் கே1000-க்கு 1/60 நொடிதான் எல்லை. அதைத் தாண்டினால் துணி ஷட்டர் படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். யாஷிகாவில் இருப்பது லென்ஸுக்குள்ளேயே இதழ்களாகத் திறக்கும் லீஃப் ஷட்டர், 1/500 வரை தாராளமாகப் போகலாம். ஜன்னல் வெளிச்சத்தை அடக்கி ஃபிளாஷை மட்டும் பேசவிட வேண்டுமானால் அதைத்தான் எடுப்பேன். எம், எக்ஸ் என்று மாற்றும் நெம்புகோல் உள்ள கேமராவில் எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு எக்ஸ் மட்டுமே. எம் என்பது பல்புக் காலத்து ஏற்பாடு. அதில் ஷட்டர் திறக்கும் முன்பே ஃபிளாஷ் வெடித்து அடங்கிவிடும்.

புதிதாக ஒரு பழைய கேமரா கைக்கு வந்தால் ரோல் போடும் முன் பின்கதவைத் திறந்து, அப்பர்ச்சரை முழுக்க விரித்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு ஃபிளாஷ் அடித்துப் பாருங்கள். ஃபிரேம் முழுக்க வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் சிங்க் சரி. ஓரம் வெட்டுப்பட்டால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள்.

பழைய 283 வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரம்பகாலத் தயாரிப்புகள் சிலவற்றில் ட்ரிக்கர் வோல்ட்டேஜ் (கேமராவின் ஃபிளாஷ் இணைப்பில் ஏறும் மின்னழுத்தம்) 200-ஐத் தாண்டும். கே1000 போன்ற மெக்கானிக்கல் கேமரா அதைத் தாங்கிக்கொள்ளும். எலக்ட்ரானிக் சர்க்யூட் உள்ள கேமராவில் மாட்டும் முன் மல்ட்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். அல்லது என்னைப் போல அதை ஸ்லேவிலேயே விட்டுவிட்டு, குறைந்த வோல்ட்டேஜ் ஃபிளாஷைக் கேமரா மேல் வையுங்கள்.