ஜிமேட் கிரிட்டிக்கல் ரீசனிங்: ஆப்பும் அபிஷியல் கைடும், ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

காரைக்குடியில் வங்கித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் பயிற்சி மையங்கள் உண்டு. எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு என்றால் "அது என்ன தம்பி?" என்பார்கள். அதனால் வீட்டிலேயே படிக்கிறேன். துணைக்கு இரண்டு: பணம் கட்டி வாங்கிய ஒரு மொபைல் ஆப், தேர்வை நடத்தும் ஜிமேக்கின் அபிஷியல் கைடு.

இப்போதைய தேர்வில் மொழிப் பகுதியான வெர்பலுக்கு 45 நிமிடம், 23 கேள்விகள். 2024 பிப்ரவரியிலிருந்து வாக்கியப் பிழை திருத்தும் பகுதியான சென்டன்ஸ் கரெக்‌ஷன் கிடையாது. மிச்சம் இருப்பது வாசிப்பும், ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து அதை அலசச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும்தான். ஆகவே ரீசனிங்கில் சறுக்கினால் வெர்பலில் ஈடுகட்ட அதிக இடமில்லை.

ஆப்பில் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன, தரம்தான் இல்லை. சிலவற்றில் தவறான விடைகள் பார்த்தவுடனே தெரியும். சிலவற்றில் இரண்டு விடை சரியாகப் படும், விளக்கமும் மழுப்பும். கைடில் இருப்பவை முன்பு தேர்வில் வந்த நிஜக் கேள்விகள். தவறான விடை நம்மை இழுக்கும், ஆனால் ஏன் தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியும். பயிற்சியே அதில்தான் இருக்கிறது.

கற்பனையாக ஒரு கேள்வி. ஆத்தங்குடியில் ஒரு பட்டறை தரைக்கல் விலையைக் குறைத்தது. அந்த மாதம் விற்பனை கூடியது. எனவே விலைக்குறைப்பே காரணம். இதன் அனுமானம், அதாவது இந்த வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் விஷயம், என்ன? "ஆத்தங்குடிக் கல் மற்றவற்றைவிட உறுதியானது" என்று ஒரு விடை இருந்தால் நம் ஊர்க்காரன் கை தானாக அதற்குப் போகும். உறுதி எப்போதும் இருப்பதுதானே, இந்த மாதம் மட்டும் ஏன் கூடியது? "அதே மாதம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை அதிகரிக்கவில்லை" என்பதை எடுத்து, எதிர்மறையாக்கிப் பாருங்கள். வேலை அதிகரித்தது என்றால் வாதம் ஆட்டம் கண்டுவிடும். அப்போ அதுதான் விடை. அனுமானக் கேள்விகளுக்கு இந்தச் சோதனை எனக்குக் கைகொடுக்கிறது.

ஒவ்வொரு தவறான விடைக்கும் நோட்டில் ஒரு வரி காரணம் எழுதுகிறேன். சலிப்பான வேலை, அப்பத்தா வேறு "இன்னுமா எழுதுறே?" என்று கேட்பார். ஆனால் வேகம் கூடியது இதனால்தான். தடித்த எழுத்தில் உள்ள பகுதிகள் வாதத்தில் என்ன வேலை செய்கின்றன என்று கேட்கும் போல்ட்ஃபேஸ் வகை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அதிகாரபூர்வத் தளத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகள் இலவசம்; ஒன்றைக் கடைசி வாரத்துக்கு வைத்திருங்கள். இந்திய எம்பிஏ நுழைவுத் தேர்வான எக்ஸாட் எழுதுபவர்களுக்கும் இந்தப் பயிற்சி உதவும். ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், வாசிப்பில் நேரத்தைப் போடுங்கள்.

ஆப் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. காசு இடித்தால் பழைய பதிப்பு கைடு போதும், சென்டன்ஸ் கரெக்‌ஷன் பக்கங்களை மட்டும் தாண்டிவிடுங்கள்.