கையால் அடித்த கோடாரி என்று நம்பி ரூ. 3,450 இழந்தேன்: விறகு பிளப்பவர்கள் கவனத்திற்கு

இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ரூ. 3,450 கொடுத்து வாங்கிய கைக்கோடாரியைப் பற்றிய பதிவு இது. தளத்தின் பெயரையும் விற்றவரின் பெயரையும் குறிப்பிடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. பல ஊர்ச் சிறு விற்பனையாளர்களின் சரக்கைக் கைவினைப் பொருள் என்ற அடைமொழியோடு விற்கும் தளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீ மூட்டும் சிராய் பிளக்க எந்தக் கருவி ஏற்றது என்பதையும் முடிவில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது கோத்தகிரிப் பக்கம். குளிக்கும் வெந்நீருக்கு விறகு பாய்லர்தான். மார்கழி, தை மாதங்களில் கூடத்துக் கணப்பும் எரியும். விறகுக் கடையிலிருந்து சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கட்டைகளாக வரும். அவற்றைப் பிளந்து அடுக்கிக் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் பிளந்த விறகு தானாகப் பற்றிக்கொள்ளாது. தீ மூட்ட விரல் தடிமனில் ஒரு கைப்பிடிச் சிராய் வேண்டும், அதை அன்றாடம் நானே சீவிக்கொள்ள வேண்டும். இரண்டு கையால் ஓங்கும் பெரிய கோடாரியை அந்த வேலைக்கு எடுத்தால் குறி தப்பும், விரலுக்கும் ஆபத்து. இதற்கு ஏற்றது, தலை 600 கிராமுக்கு மேலும் ஒரு கிலோவுக்குள்ளும் நிற்கிற, காம்பு ஒன்றேகால் அடிக்கு மிகாத கைக்கோடாரி. வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, பின்னால் தலையின் இரு பக்கமும் ஆப்புப் போல விரிந்திருக்க வேண்டும். மரம் வெட்டும் கோடாரியைப் போல மெலிந்திருந்தால் விறகில் சிக்கிக்கொண்டு நிற்குமே தவிரப் பிளக்காது.

தளத்தில் இப்படிப்பட்ட கோடாரி ஒன்று இருந்தது. ‘பரம்பரைக் கொல்லர் கையால் அடித்தது, உயர் கரி எஃகு, கருவேலங்காம்பு’ என்று விவரம். கரும்பச்சை நிறத் தலை, தோல் உறை, உலைக்களத்தில் பொறி பறக்கும் படம் ஒன்று. படங்களை நம்பி நான் வாங்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த ஆட்கள் ஏமாற்றிய விதம் படத்தில் இல்லை. விற்பனையாளருக்குத் தளத்தின் வழியாகவே செய்தி அனுப்பி, எந்த இரும்பில் அடித்தது என்று கேட்டேன். “லாரி ஸ்பிரிங் பட்டைங்க ஐயா, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சது” என்று பதில் வந்தது. அதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். அடுத்த செய்தியில் அவரே கேட்டார்: “என்ன மரம் பிளக்கப் போறீங்க ஐயா? பச்சையா, காய்ஞ்சதா? வலது கையா, இடது கையா?”

கடைக்காரர் எவரும் இதுவரை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மரத்தைக் கேட்டுவிட்டுக் கருவியைத் தருபவன் வேலை தெரிந்தவன் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கற்பூர மரம் பச்சையில் பிளந்துவிடும், காய்ந்த பின் முறுக்கிக்கொள்ளும் என்பது விறகோடு பழகியவர்களுக்குத் தெரியும். பச்சையா, காய்ந்ததா என்று கேட்பவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று தோன்றியது. காய்ந்த சீகை, சிறு துண்டுகள், வலது கை என்று எழுதினேன். “அப்போ இதுதாங்க உங்களுக்குச் சரியான கோடாரி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்றார். அன்றிரவே ரூ. 3,450 செலுத்தினேன்.

கோடாரி வந்தது. தோல் உறை மட்டும் அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் சிராய் சீவி முடித்துப் பார்த்தால், வாய் ஒரு விரற்கடை நீளத்துக்கு மடிந்திருந்தது. கணுவே இல்லாத சீகைத் துண்டில்! தோய்த்து விரைத்த எஃகாக இருந்தால் மிஞ்சிப் போனால் சிறிது தெறித்திருக்கும். மடிவது மெல்லிரும்பின் குணம். மறுநாள் தலை காம்பில் ஆடத் தொடங்கியது. காம்பின் உச்சியைப் பார்த்தேன்: மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருந்தார்களே ஒழிய, தலையை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு என்ற ஒன்றே அங்கு இல்லை. ஓங்கும்போது அந்தத் தலை கழன்று பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே கை நடுங்குகிறது. சிராய் பொறுக்க என் மனைவி பக்கத்தில்தான் நிற்பார்.

ஊர்ப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கொல்லர் அரத்தை எடுத்து வாயில் ஓர் இழுப்பு இழுத்தார். சோப்பைச் சீவியது போலத் துகள் உதிர்ந்தது. நன்றாகத் தோய்த்த கோடாரியில் அரம் தயங்கித் தயங்கித்தான் பிடிக்கும். பிறகு தலையின் பக்கத்தில் வர்ணத்தைச் சுரண்டினார். தகடும் காம்பு நுழையும் குழாய்த் துண்டும் சேர்கிற இடத்தில் வெல்டிங் வரி ஓடியது. அதைத் தேய்த்துச் சமன்செய்து, மேலே வர்ணம் பூசியிருக்கிறார்கள். “இது அடிச்சதே இல்லைங்க சார், கேட்டுக்குப் போடுற தகடு. ஒட்ட வச்சிருக்கான்” என்றார். தோய்த்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி இருக்கிறது, அதனால் விரைக்கும், இந்தத் தகட்டில் அது போதாது, எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் பயனில்லை என்று தலையை ஆட்டிவிட்டார். ரூ. 3,450க்கு நான் வாங்கியது ஒரு கேட்டுத் தகடு.

இனி நடந்ததுதான் இரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. தளத்தின் உதவிப் பிரிவில் முதலில் பேசியது தானியங்கி. ‘பொருள் சேதமடைந்திருந்தால் 1 ஐ அழுத்தவும்’ என்பதற்கு மேல் அதற்குப் பேச்சில்லை. பிறகு வந்த ஆள், பெட்டியைத் திறக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்றார். பெட்டியில் குறையில்லை, இரும்பில்தான் குறை என்றேன். அடுத்து வந்தவர், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்றார். கோடாரியைப் பயன்படுத்தாமல் அது கோடாரிதானா என்று எப்படி அறிவது என்று கேட்டேன். ‘உங்கள் கோரிக்கை தீர்த்துவைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து, ஆர்டர் எண்ணை மறுபடியும் கேட்டு, முதலிலிருந்து சொல்லச் சொல்வார். ஒருவர் ரூ. 200க்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகப் பெருந்தன்மை காட்டினார். போனது ரூ. 3,450.

விற்பனையாளர் சொன்ன பதிலைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. “காய்ஞ்ச சீகைன்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க. அது கட்டி மரம். கட்டி மரத்துக்கு எங்க உத்தரவாதம் கிடையாது.” எந்தக் கேள்வியைக் கேட்டு என் நம்பிக்கையைப் பெற்றாரோ, அதற்கு நான் சொன்ன பதிலையே ஆதாரமாக எடுத்து என் மேல் வீசினார். மரத்தின் பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது பிற்பாடு கைகழுவத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் சீகை என்று சொல்லாமல் சவுக்கு என்று சொல்லியிருந்தால், சவுக்கும் கட்டி மரமாகியிருக்கும்.

சட்டம் இவர்கள் சொல்வது போல இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் முகவரியைத் தளத்தின் அடிப்பக்கத்தில் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத உட்கார்ந்தேன். எழுதும் நிதானம் இப்போது இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். வர்ணம் பூசிய தலையை வாங்காதீர்கள். வாங்கும் இடத்திலேயே அரம் போட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். காம்பின் உச்சியில் ஆப்பு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காம்பின் இழை குறுக்கே ஓடாமல் நெடுக ஓட வேண்டும். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருபோதும் ஓங்காதீர்கள்; வாயைத் துண்டின் தலையில் பதித்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் தட்டுங்கள். கோடாரியே வேண்டாம் என்பவர்களுக்கு, ஊர்ப் பட்டறையில் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கனமான வெட்டுக்கத்தியும் ஒரு மரச் சுத்தியும் போதும்: கத்தியை விறகின் மேல் வைத்து, முதுகில் சுத்தியால் தட்டினால் சிராய் பிரியும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இணையத்தில்தான் வாங்குவேன் என்பவர்கள், விற்பனையாளரோடு நடந்த உரையாடலை அன்றே படம் பிடித்து வையுங்கள். தளத்தில் கோடாரியின் விவரத்தில் இருந்த ‘உயர் கரி எஃகு’ என்ற வரி, நான் புகார் கொடுத்த பிறகு ‘உறுதியான எஃகு’ என்று மாறியிருக்கிறது. விலை அதே ரூ. 3,450தான்.